ஆஸ்பத்திரிக்கு உடுத்துகிற கவுன்

ஹார்லன் பெண்ட், மிசிசிப்பி
செப்டம்பர் 12, 1996

யோலாண்டா அக்கா,

குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர் இல்லை. முதுகுக்குத் தலையணை வைத்து, கதவைத் தாழ் போட்டிருக்கிறேன். அம்மா எழுந்து வந்து தட்டினால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். அவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டாலே பேனா நின்றுவிடுகிறது.

உனக்கு எழுதுவது தெரிந்தால் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. ஜூனில் நீ பஸ் ஏறிய பிறகு உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. உன் நாற்காலியில் இஸ்திரி போடவேண்டிய துணிகளைக் குவித்து வைத்திருக்கிறாள். போன் செய்துவிடாதே. அம்மாதான் எடுப்பாள். நான் கூப்பிட்டாலும் டெட்ராய்ட் எண் பில்லில் வந்துவிடும். பதில் எழுதினால் மிஸ் ஓப்பலின் முடி அலங்காரக் கடைக்கு எழுது. கேட்டுவிட்டேன். "உங்கம்மா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காத வரைக்கும் நான் ஊமை" என்றார்.

இன்று உயிரியல் வகுப்பில் அரிவாள் செல் நோய் பாடம். வட்டமாக இருக்கவேண்டிய ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்து, ஒன்றோடொன்று சிக்கி, ரத்தக்குழாயை அடைத்துக்கொள்ளும், அப்போது வலி வரும் என்று டீச்சர் படம் போட்டுக் காட்டினார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அந்த நேரம் மேசைக்கடியில் தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். ஆகஸ்டில் நடந்தது உனக்குத் தெரியாது.

ஆகஸ்டில் வலி இடுப்பிலும் கால்களிலும் சேர்ந்து வந்தது. அம்மா உடனே அடுப்பைப் பற்றவைத்தாள். முடியை நேராக்குகிற இரும்புச் சீப்பைச் சூடாக்கத்தான். அவள் வழக்கம் உனக்குத் தெரியுமே. என்னைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, முடியை இழுத்து இழுத்து நேராக்கினாள். நான் மேசையின் விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கவுன், வெள்ளைக் காலர், காலுறை. காலுறையை மாட்ட காலைத் தூக்கியபோது கத்திவிட்டேன். "இன்னும் கொஞ்சம்தான் கண்ணு. அவங்க முதல்ல நம்மளத்தான் பாப்பாங்க. நோவ அப்புறம்தான் பாப்பாங்க" என்றாள். என் உதடு வெளிறிப்போயிருந்தது. செத்தவள் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் நிறம் இருக்கட்டும் என்று அவளுடைய லிப்ஸ்டிக்கைத் தடவிவிட்டாள்.

ஜூனில் இருந்த அதே டாக்டர் பிரெஸ்காட். வலி பத்துக்கு எத்தனை என்று நர்ஸ் கேட்டபோது பத்து என்றிருந்தேன். அம்மா கைப்பையிலிருந்து என் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். "வகுப்புல முதல் மாணவி சார். சர்ச் பாட்டுக்குழுவுல இருக்கா சார்." அவர் சான்றிதழைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். சிரித்துக்கொண்டே நர்ஸிடம் சொன்னார்: "பத்துக்குப் பத்து வலியாம். லிப்ஸ்டிக் போட நேரம் இருந்திருக்கு பாரு."

தலைவலிக்குக் கொடுக்கிற மாத்திரை இரண்டு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் அம்மா காரை ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் என் உதட்டைத் துடைத்தாள். நிறம் போகவே மாட்டேன் என்கிற மாதிரி துடைத்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் என்னால் நேராக நடக்க முடிந்தது.

இனிமேல் அங்கே போகமாட்டேன். யாரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நீ யாரிடமும் சொல்லாதே.

உன் தங்கை,
ஷாரல்


டெட்ராய்ட்
செப்டம்பர் 18

அடி ஷாரல்,

உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கம் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். ஹாட் டாக்கின்மேல் கறிக் குழம்பு ஊற்றி விற்கிற கடை. எனக்கு வேலை ஊற்றுவது. அன்று மத்தியானம் நான் ஊற்றிய ஊற்றலில் ஒருத்தர் மடி நனைந்துவிட்டது. டாக்டர் பிரெஸ்காட் மடியாக இருந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது.

லிப்ஸ்டிக்கா? லிப்ஸ்டிக்கைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அதற்கு அடியில் இருந்த உதட்டைப் பார்க்கத் தெரியவில்லையா?

அவனைவிட எனக்கு அம்மாமேல்தான் ஆத்திரம். பகலெல்லாம் சலவைக் கடையில் அடுத்தவன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள், வீட்டுக்கு வந்து உனக்கு இஸ்திரி போடுகிறாள். எலும்புக்குள் நெருப்பு எரியும்போது காலுறை! அவளைப் புதைக்கிற அன்றுகூட எழுந்து உட்கார்ந்து, "இந்தக் காலர் மடங்கியிருக்கு" என்பாள்.

ஜூனில் என்ன நடந்தது என்று உனக்கு வலி மயக்கத்தில் பாதிதான் தெரியும். நீ ஸ்ட்ரெச்சரில் சுருண்டு கிடந்தாய். உனக்குப் பின்னால் வந்த பையன், வெள்ளைக்காரப் பையன், தூண்டில் முள் கையில் குத்தி வந்தான். அவனுக்கு வலி ஊசி போட்டாயிற்று. அவன் உட்கார்ந்து ஐஸ் தின்றுகொண்டிருந்தான். உனக்கு ஏன் இன்னும் போடவில்லை என்று நான் போய்க் கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த பிரெஸ்காட் சொன்னான்: "உங்க ஆளுங்களுக்கு இந்த ஊசி சீக்கிரம் பழக்கமாயிடும்மா. வீட்ல யாருக்காவது போதைப் பழக்கம் இருக்கா?" அதற்குப் பிறகுதான் கத்தினேன். காவலாளியைக் கூப்பிட்டார்கள். யாரை? அங்கே காவல் வேலை பார்க்கிற நம்ம சர்ச்சு டீக்கன் வில்ஸையே. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரொட்டியும் திராட்சை ரசமும் நீட்டுகிற அதே கையால் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவிட்டார். அம்மா என் பின்னால் ஓடி வந்தாள். எனக்காக என்று நினைத்தேன். "உள்ள போய் டாக்டர்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றாள்.

நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இப்போது நீ செய்யவேண்டியது: முதலில் அம்மாவிடம் சொல். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போ. போய்க் கத்து. கூரை பறக்கிற மாதிரி கத்து. பாட்டுக்குழுவில் மேல் ஸ்தாயி பாடுகிறவள்தானே நீ, எதற்கு வைத்திருக்கிறாய் அந்தக் குரலை?

யோ


ஹார்லன் பெண்ட்
செப்டம்பர் 29

அக்கா,

மிஸ் ஓப்பல் உன் கடிதத்தை எண்ணெய் டப்பாவோடு ஒரே பையில் போட்டுக் கொடுத்தார். மூலையெல்லாம் எண்ணெய். தொட்டியில் உட்கார்ந்து இரண்டுமுறை படித்தேன். முதல்முறை சிரித்தேன். இரண்டாம்முறை கோபம் வந்தது.

கத்து என்கிறாய். நீ கத்திவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அதே கதவுக்குத் திரும்பப் போகவேண்டியவள் நான். ஆகஸ்டில் பதிவு மேசையில் இருந்த அம்மாள் என் பெயரைக் கேட்டதும் தலை நிமிர்ந்து, "அந்தக் கத்துன பொண்ணோட தங்கச்சியா நீ?" என்றாள். அம்மா, "ஆமா மேம், அவ இப்ப ஊர்ல இல்ல மேம்" என்றாள். நீ செத்துப்போன மாதிரி சொன்னாள். அதைச் சொன்னால் எனக்கு நல்லது நடக்கும் என்று நினைத்துச் சொன்னாள். பிறகு வீட்டில் பாத்திரம் கழுவும்போது அழுதாள். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அவளைக் கேலி செய்யாதே. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது டாக்டர் வீட்டில் கறுப்பர்களுக்கென்று பின்பக்கம் ஓர் அறை இருந்ததாம். வெள்ளைக்காரர் எல்லாரும் பார்த்து முடிந்த பிறகு கதவைத் திறந்து, உட்கார்ந்திருக்கிறவர்களை ஒரு பார்வை பார்த்து, கஞ்சி போட்ட உடுப்பில் இருக்கிற பிள்ளையை முதலில் கூப்பிடுவார்களாம். மற்றவர்கள் நாளைக்கு வரணும். அம்மாவுக்கு அது பலித்திருக்கிறது, அக்கா. ஒருமுறை உயிரைக் காப்பாற்றியதை எப்படி விடுவாள்?

இன்னொன்று சொல்கிறேன். சிரிக்கக்கூடாது.

போன வாரம் விளையாட்டு வகுப்பில் கிம்பர்லி ஓடும்போது கால் மடங்கி விழுந்தாள். கோச் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டே காருக்குப் போனார். "வலிக்குதா செல்லம், வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் பதில்கூடச் சொல்லவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் நடுவில் மேலே ஏறுகிறது. கீழ் உதடு மட்டும் நடுங்குகிறது. வாய் அதிகம் திறக்கவில்லை. கண்ணீர் வருகிறது, ஆனால் சத்தம் இல்லை.

அன்று இரவிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று அந்த முகத்தைப் பழகுகிறேன். அதிகம் சுளித்தால் நடிப்பு என்பார்கள். சும்மா இருந்தால் ஒன்றுமில்லை என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முகம் இருக்கவேண்டும், அது கிம்பர்லிக்குத் தானாகவே வருகிறது. எனக்கு வரவில்லை. என் முகத்தில் அது கோபம் மாதிரி தெரிகிறது.

தொடை வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெருமூச்சு விட்டால் மட்டும் வலதுபக்க நெஞ்சில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. பெருமூச்சு விடாமல் இருந்தால் போதும்.

ஷாரல்


டெட்ராய்ட்
அக்டோபர் 4

ஷாரல்,

சிரிக்கவில்லை.

கண்ணாடியைத் துணி போட்டு மூடு. உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. அது கோபம் மாதிரி தெரிகிறது என்றால் கோபமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை எதற்குத் திருத்துகிறாய்?

நெஞ்சில் குத்துவது வேறு விஷயம். கடைக்கு ஒரு பஸ் டிரைவர் வருவார், பெயர் லுத்தர், அவருக்கும் அரிவாள் செல்தான். கேட்டேன். கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "காலும் கையும் வலிச்சா தாங்கிக்கலாம். நெஞ்சுக்கு வந்தா தாங்கக்கூடாது. நுரையீரல் அடைச்சிடும்" என்றார். இங்கே அவருக்கு ஒரு டாக்டர் இருக்கிறாராம், நம்ம ஆள், ஒரு பெண். லுத்தர் முதல்தடவை போனபோது நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து, "வலி எங்க, எப்பலேர்ந்து, உங்களுக்கு வழக்கமா எந்த மருந்து கேக்கும்?" என்று கேட்டாராம். "நாப்பத்தொரு வயசு எனக்கு. உக்காந்து கேட்ட முதல் டாக்டர். பதில் சொல்லத் தெரியாம முழிச்சேன்" என்றார்.

இங்கே வந்துவிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். என் அறையில் ஒரு கட்டில்தான், நான் தரையில் படுக்கிறேன்.

அது முடியாதென்றால், இன்றைக்கே அம்மாவிடம் நெஞ்சுவலி என்று சொல். கத்தச் சொன்னதை விட்டுத்தள்ளு. எனக்குக் கத்துவது எளிது, எனக்கு அங்கே மூச்சு விடவேண்டிய அவசியம் இல்லை. நீ எப்படிச் சொல்வாயோ அப்படிச் சொல். ஆனால் போ. அந்த ஆஸ்பத்திரி பிரெஸ்காட்டின் அப்பன் வீட்டு வரவேற்பறை இல்லை. நம்ம அம்மா கட்டுகிற வரியில் அந்த விளக்கு எரிகிறது.

சொல்லிவிட்டாயா என்று எழுது.

யோ


ஹார்லன் பெண்ட்
அக்டோபர் 13, ஞாயிறு

அக்கா,

சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். இன்று பாட்டுக்குழுவில் பாட வாயைத் திறந்தேன், காற்று உள்ளே போகவில்லை. அம்மா கூட்டத்திலிருந்தே பார்த்துவிட்டாள்.

குளியலறையில் இருக்கிறேன். முகம் கழுவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறாள். அடுப்பில் சீப்பு சூடாகிற வாசனை வருகிறது. சர்ச்சிலிருந்து வந்ததும் இரவு உடையை மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன். இப்போது அந்த நீலக் கவுன் கதவுக் கொக்கியில் என் எதிரே தொங்குகிறது. காலரை மறுபடி வெளுத்து வைத்திருக்கிறாள்.

பயமாக இருக்கிறது.

அக்கா, நான் அதைப் போடமாட்டேன்.

கூப்பிடுகிறாள். இதை மிஸ் ஓப்பலிடம்


டெட்ராய்ட்
அக்டோபர் 19

ஷாரல்,

பாதி வாக்கியத்தில் நிற்கிற கடிதத்தை மிஸ் ஓப்பல் அனுப்பிவைத்திருக்கிறார். உறையின் பின்னால், "உன் வீட்டுக் கதவடியில் கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "நீங்க யாரு?" என்றார்கள். அக்கா என்றேன். பெயரைச் சொன்னதும் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தேன், வைத்துவிட்டார்கள். மறுபடி செய்தேன். மறுபடி வைத்துவிட்டார்கள். கத்தவில்லை. உனக்குக் கெடுதலாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "மேம்" என்று கெஞ்சினேன். கெஞ்சினாலும் வைத்துவிட்டார்கள்.

முதலாளி அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் விடமாட்டேன் என்கிறார். விடாவிட்டாலும் வருவேன்.

ஒரு வரி எழுது. உன் பெயரை மட்டும் எழுது. போதும்.

யோலாண்டா


ஹார்லன் பெண்ட், ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி
அக்டோபர் 23

யோலாண்டா அக்கா,

ஷாரல். ஷாரல். ஷாரல். மூன்றுமுறை எழுதிவிட்டேன்.

மூக்கில் குழாய் இருக்கிறது, இடது கையில் ஊசி. வலது கை சும்மாதான் இருக்கிறது. மிஸ் ஓப்பல் உன் கடிதத்தைக் கொண்டுவந்து, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே என் கையில் கொடுத்தார். அம்மா உறையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "டெட்ராய்ட்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அதனால் இந்தக் கடிதத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஆனாலும் பழக்கத்தில் போர்வைக்குள்தான் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

குளியலறையிலிருந்து இரவு உடையோடு வெளியே வந்தேன். அம்மா சீப்போடு நின்றாள். அவள் தலை நிறைய முடியைச் சுற்றிவைக்கிற பிளாஸ்டிக் சுருட்டிகள். மத்தியானம்தான் முடியைக் கழுவிச் சுருட்டியிருந்தாள். எனக்கு உடுத்திவிட்டுத் தானும் உடுத்துவதாக இருந்தாள்.

"கவுன் எங்கடி?"

"போடல."

"ஷாரல், விளையாடாத. இந்தக் கோலத்துல போனா உன்னை யாருன்னு நினைப்பாங்க?"

"நோயாளின்னு நினைக்கட்டும்மா."

அதைச் சொல்லி முடிக்க எனக்கு மூன்றுமுறை மூச்சு வேண்டியிருந்தது. அம்மா என் உதட்டைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. லிப்ஸ்டிக் இருக்கிற அலமாரிப் பக்கம் ஒருமுறை அவள் கண் போயிற்று. பிறகு அடுப்பை அணைத்தாள். சீப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள், அது சுர்ரென்றது. கைப்பையை எடுத்தாள், சாவியை எடுத்தாள், என்னை எடுத்தாள். வீட்டுக்குள் போடுகிற பழைய மேலங்கி, கட்டைவிரல் தெரிகிற செருப்பு, தலையில் இளஞ்சிவப்புச் சுருட்டிகள். அப்படியே காரில் ஏறினாள். அக்கா, குப்பை போடப் போனாலும் தொப்பி வைக்கிற நம்ம அம்மா.

பதிவு மேசையில் அதே அம்மாள். அம்மாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "கொஞ்சம் உக்காருங்க" என்றாள். அம்மா உட்காரவில்லை. என்னைத் தாங்கிக்கொண்டு மேசை முன்னாலேயே நின்றாள். பின்னால் வரிசை வளர்ந்தது. கடைசியில் உள்ளே விட்டார்கள்.

டாக்டர் பிரெஸ்காட் வந்தார். என் அட்டையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார், மேலிருந்து கீழே, சுருட்டியிலிருந்து செருப்புவரை.

"மறுபடியுமா? இந்தமுறை ஊசி கிடைக்கும்னு யார் சொன்னா?"

எனக்குக் கிம்பர்லியின் முகம் நினைவுக்கு வந்தது. புருவத்தை மேலே தூக்கலாமா என்று நினைத்தேன். தூக்கவில்லை. என் முகம் என்ன செய்ததோ அதைச் செய்யவிட்டேன். மூச்சு எடுத்து எடுத்துச் சொன்னேன்.

"நான் நல்ல உடுப்புல வந்தேன், வலி இல்லைன்னீங்க. எங்க அக்கா கத்தினா, வெளிய தள்ளினீங்க. இன்னைக்கு எப்படி இருக்கேனோ அப்படியே வந்திருக்கேன். வலிச்சா எப்படி இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க. கத்துக்கறேன். சொல்ற வரைக்கும் இந்தக் கட்டில விட்டு எறங்க மாட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நர்ஸிடம் ஏதோ சொன்னார். காவலாளியைக் கூப்பிடத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், இறங்கவில்லை.

அம்மா முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்தாள். என் சான்றிதழை எடுத்தாள். ஐயோ, மறுபடி வகுப்பில் முதல் மாணவி சார் என்று ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அதைக் காட்டவில்லை. மேசையில் கவிழ்த்து வைத்தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தாள்.

"எழுதுங்க" என்றாள்.

"என்ன எழுதணும்?"

"எம் பொண்ணு நெஞ்சுல ஒண்ணுமில்லைன்னு எழுதுங்க. பாத்துட்டுத்தான் அனுப்புறேன்னு எழுதுங்க. கீழ உங்க பேரு. எழுதிட்டீங்கன்னா எடுத்துட்டுப் போயிடறோம்."

கவனித்தாயா? சார் இல்லை. ஒரு சார்கூட இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. சர்ச்சில் காணிக்கைத் தட்டை அடுத்தவருக்கு நகர்த்துகிற மாதிரி பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அதற்குள் டீக்கன் வில்ஸ் வந்துவிட்டார். வாசலில் நின்று, "யாரம்மா இங்க தகராறு" என்று அதட்டிக்கொண்டே அம்மா தோளைத் தொட வந்தார். அம்மா திரும்பினாள். அவருக்கு அடையாளம் தெரிய நேரம் ஆயிற்று. தொப்பியில்லாத நம்ம அம்மாவை அவர் பார்த்ததே இல்லையே.

"சிஸ்டர் எர்லீன்?"

"ஆமா டீக்கன். என் பெரிய பொண்ண இழுத்துட்டுப் போன கைதானே இது? இன்னைக்கு எங்க ரெண்டு பேரையும் இழுக்கணும். பலம் இருக்கா?"

அவர் கை அந்தரத்தில் நின்றது. டாக்டரைப் பார்த்தார். அம்மாவின் சுருட்டிகளைப் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் போய் நின்றார். வெளியே போகவும் இல்லை, எங்களைத் தொடவும் இல்லை. "நான் இங்க நிக்கறேன் டாக்டர். நீங்க எழுதுங்க" என்றார்.

என் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அது எல்லாருக்கும் கேட்டது. பழைய கதவு மாதிரி கிறீச்சிட்டது.

டாக்டர் பேனாவை எடுத்தார். காகிதத்தின்மேல் வைத்தார். எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கழுத்தில் தொங்கிய குழாயைக் காதில் மாட்டி, என் முதுகில் வைத்தார். ஜூனிலும் ஆகஸ்டிலும் அந்தக் குழாய் அவர் கழுத்தைவிட்டு இறங்கவில்லை, அக்கா. வலதுபக்கம் வைத்தார். கொஞ்சம் கீழே வைத்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தாள். "பழுக்கக் காய்ஞ்ச இஸ்திரிப் பெட்டிய தெரியாம தொட்டவன் மூஞ்சி" என்று பிறகு சொன்னாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அதன்பிறகு எல்லாரும் ஓடினார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி அடைத்திருந்ததாம். ஊசி போட்டார்கள், உண்மையான ஊசி. யாரோ ஒருவருடைய நல்ல ரத்தத்தை எனக்கு ஏற்றினார்கள். இரண்டு நாள் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா பெரும்பாலும் இங்கேயேதான் இருக்கிறாள், அதனால்தான் நீ வீட்டுக்குச் செய்த போனை யாரும் எடுக்கவில்லை.

கண் விழித்த அன்று டாக்டர் பிரெஸ்காட் வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நீ நினைத்தால், கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று அட்டையைப் படித்துவிட்டு, அம்மாவிடம், "நல்லவேளை, சரியான நேரத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

"ஆகஸ்ட்லயும் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் அம்மா.

அவர் போய்விட்டார். இப்போது என்னைப் பார்க்க வேறொருவர் வருகிறார், இளைஞர், அவரும் வெள்ளைக்காரர்தான். நேற்று வந்தபோது நின்றுகொண்டே பேச ஆரம்பித்தார். நான் நாற்காலியைக் காட்டினேன். "என்ன?" என்றார். "உக்காந்து கேளுங்க" என்றேன். லுத்தரின் டாக்டர் தானாக உட்கார்ந்தாராம். இவரை நான் உட்காரவைக்கவேண்டியிருந்தது. ஆனால் உட்கார்ந்தார்.

டெட்ராய்ட்டுக்கு வரவில்லை, அக்கா. கோபித்துக்கொள்ளாதே. இந்த நோய் மறுபடி வரும், அது எனக்குத் தெரியும். அப்போதும் இந்தக் கதவுக்குத்தான் வரப்போகிறேன். எந்த உடுப்பில் வலி பிடிக்கிறதோ அந்த உடுப்பில். என் முகத்தை அவர்கள் பழகிக்கொள்ளட்டும். எனக்கு இன்னும் பயம்தான். பயத்தோடுதான் வருவேன்.

அம்மா பக்கத்து நாற்காலியில் இருக்கிறாள். சுருட்டிகளை எடுத்துவிட்டாள், ஆனால் சீவவில்லை, தலை புதர் மாதிரி நிற்கிறது. நர்ஸ்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள். சான்றிதழை இந்த அறைக்கும் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தே வைத்திருக்கிறாள், பேனாவும் அதன்மேல் இருக்கிறது. எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும். நாம வீட்டுக்குப் போற வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

யாருக்கு எழுதுகிறாய் என்று அவள் கேட்கவில்லை. எழுதி முடிக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் மட்டும் தொண்டையைச் செருமினாள்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லு."

"என்னம்மா?"

"எனக்கும் காவலாளியக் கூப்பிட்டாங்கன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

ஷாரல்